படகில் கேஸ் கசிவு அலாரம் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இது சமையலுக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றிப் போகும் படகுகளுக்கானது. தூத்துக்குடியில் கட்டிக் கிடக்கும் விசைப்படகு, தருவைகுளத்திலிருந்து தங்குகடல் (பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தொழில்) போகும் படகு, பயணிகளை ஏற்றும் படகு எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான். உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூட்டப்புளிக் கரைகளில் இருக்கும் திறந்த ஃபைபர் வல்லத்துக்கு அலாரம் தேவைப்படாது. ஆனால் அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) மூடிய அறை வைத்து அதற்குள் சிலிண்டரைத் திணித்திருந்தால், 2-ஆம் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அலாரத்தை வாங்கி வந்து சுவரில் மாட்டுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை ஒன்றரை நாள் எடுக்கும். புதிதாக மாட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த ஒன்றரை நாளை விட்டுவிட்டு அரை மணி நேர வேலையை மட்டும் செய்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. வீட்டு அனுபவம் படகில் ஏன் உதவாது

எல்.பி.ஜி. வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் வாசற்படி தாண்டி வெளியே ஓடிவிட வழி இருக்கிறது. படகில் அது கீழே இறங்கும், இறங்கிய இடத்திலேயே கிடக்கும். படகின் அடிப்பகுதிக்கு ஓட்டை கிடையாது. தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று கட்டிய அதே பள்ளம்தான் வாயுவையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

அளவைப் பாருங்கள். காற்றில் சுமார் 1.8 விழுக்காடு எல்.பி.ஜி. கலந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். இதைக் கீழ் வெடிப்பு எல்லை என்பார்கள். ஒரு கிலோ கேஸ் திரவ நிலையிலிருந்து வாயுவானால் ஏறத்தாழ 450 லிட்டர். 1 கன மீட்டர் கொள்ளும் பில்ஜ் பள்ளத்தில் (தண்ணீர் தேங்கும் படகின் அடிக்குழியில்) 18 லிட்டர் வாயு சேர்ந்தால் போதும், எல்லையைத் தொட்டுவிடும். அதாவது வெறும் 40 கிராம். திரவமாக எடுத்தால் முக்கால் டீ கிளாஸ்கூட வராது. 19 கிலோ சிலிண்டரில் இப்படி எத்தனை முக்கால் கிளாஸ் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கை நம்பலாமா என்றால், படகில் கூடாது. கேஸுக்கு மணம் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் மீன் வாடை, டீசல் வாடை, பில்ஜ் தண்ணீர் வாடை மூன்றுக்கும் நடுவே அது அமுங்கிப்போகும். கொஞ்ச நேரம் முகர்ந்தால் மூக்கும் பழகிவிடும். தூங்குகிறவருக்கு மணமே தெரியாது. வாயு தேங்குவதோ மூக்கு எட்டாத பலகைக்கு அடியில்.

2. முதலில் சிலிண்டருக்கு இடம் மாற்றுங்கள்

அலாரம் கடைசிக் காவல். முதல் காவல் சிலிண்டர் இருக்கும் இடம். கேபினுக்குள், படுக்கைக்கு அடியில், இன்ஜின் அறையில், அணியத்துக் கீழறையில் சிலிண்டர் இருந்தால் அதை மாற்றாமல் அலாரம் மாட்டுவதில் பொருளில்லை.

சிலிண்டர் மேல்தளத்தில், திறந்த வெளியில் நிற்க வேண்டும். வெயிலும் உப்புத் தண்ணீரும் படாமலிருக்கப் பெட்டி செய்தால், அந்தப் பெட்டி மேல்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். அடியில் வாயு வடிய ஒரு குழாய் வேண்டும். உள்விட்டம் 19 மி.மீ.க்குக் குறையக்கூடாது. இது பெட்டியின் அடிமட்டத்திலிருந்து சரிவாக இறங்கி, நீர்மட்டத்துக்கு மேலே படகின் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அந்த வாய் இருக்கும் இடத்திலிருந்து அரை மீட்டருக்குள் ஜன்னலோ, ஹேட்ச் (தளத்துத் திறப்பு) மூடியோ, இன்ஜின் அறைக் காற்றுவழியோ இருக்கக்கூடாது. வெளியே போன வாயு திரும்ப உள்ளே நுழைந்தால் குழாய் போட்டதே வீண்.

இங்கே நடக்கும் பெரிய தவறு: பெட்டி செய்து குழாயும் போட்டுவிட்டு, அதே பெட்டிக்குள் பழைய கயிறு, சாக்கு, சோப்பு டப்பா என்று அடைப்பது. ஒரு துண்டு வலை நகர்ந்து வடிகுழாய் வாயில் உட்கார்ந்தால் பெட்டி முழுக்க வாயுத் தொட்டியாகிவிடும். சிலிண்டர் பெட்டி சிலிண்டருக்கு மட்டும்தான்.

சிலிண்டரை நிமிர்த்தியே வைத்துப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் வரும். அடுப்பில் சுவாலை திடீரென்று எழும். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டர் தொழிலுக்கு எடுக்கக்கூடாதது. சந்தை விலை 19 கிலோவோ, 5 கிலோ சிறியதோ வாங்குங்கள். ஒரு நாள் தொழிலுக்கு 5 கிலோ தாராளம்.

3. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

சென்சாரை எங்கே வைப்பது என்று கருவியோடு வரும் தாள் சொல்லாது. உங்கள் படகுதான் சொல்லும். அதைக் கேட்க ஒரு வாளித் தண்ணீர் போதும்.

அடுப்புக்குக் கீழே தரையில் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் எந்தப் பலகை இடுக்கில் இறங்குகிறது, எந்த வயர் ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போகிறது, கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று டார்ச் வெளிச்சத்தில் தொடர்ந்து பாருங்கள். கனமான வாயுவும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகும். தண்ணீர் நின்ற இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள்.

இதைப் படகு கரையேறிக் கிடக்கும்போது செய்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்லிப்பில் (கரையேற்றும் சரிவில்) ஏற்றிய படகு அணியம் தூக்கி நிற்கும். தண்ணீர் முழுக்க அமரத்துக்கு (பின்பக்கத்துக்கு) ஓடும். கடலில் ஐஸும் டீசலும் ஏற்றிய பிறகு சாய்வு வேறு. அதனால் படகு மிதக்கும்போது, முடிந்தால் பாதிச் சரக்கோடு செய்யுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் வைத்துத்தான் செய்ய முடியும் என்றால், கடலில் பில்ஜ் தண்ணீர் எங்கே தேங்கும் என்று டிரைவரிடம் கேளுங்கள். பம்பு எங்கே இறக்கியிருக்கிறார்களோ அதுதான் பள்ளம்.

தண்ணீர் ஊற்றும்போது கேபின் வாசற்படியையும் கவனியுங்கள். அலை ஏறாமலிருக்க ஒரு முழ உயரத்துக்குத் தடுப்பு வைத்திருப்பார்கள். அந்தத் தடுப்பு கேபினையே தொட்டியாக்கிவிடுகிறது. கதவு திறந்துதானே இருக்கிறது என்ற தெம்பு அங்கே செல்லாது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அடுப்பு அணையாமலிருக்கக் கதவை அடைத்து வைத்துத்தான் சமைப்பார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் அறைக்கும் சமையல் இடத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் தண்ணீர் புகுந்த ஒவ்வொரு ஓட்டையையும் இப்போதே அடையுங்கள். பிறகு அடைக்கலாம் என்று விட்டால் அடைக்கமாட்டீர்கள்.

4. குழாய் கசியவில்லை என்று உறுதி செய்யுங்கள்

கசியும் குழாயில் அலாரம் மாட்டினால் அது ஓயாமல் கத்தும். இரண்டாம் நாள் யாராவது வயரைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் குழாய் வேலை முன்னால் வர வேண்டும்.

ரப்பர் குழாய் ஐ.எஸ். 9573 முத்திரை உள்ளதாக, உள்ளே கம்பி வலை வைத்ததாக இருக்க வேண்டும். மேலே அச்சிட்ட காலக்கெடு முடிந்திருந்தால் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப்போடுங்கள். சிலிண்டரிலிருந்து அடுப்பு வரை நடுவே இணைப்பே இல்லாமல் ஒரே ஓட்டமாக வருவது நல்லது. தடுப்பைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஃபைபர் விளிம்பு இன்ஜின் அதிர்வில் குழாயை அறுக்கும், அறுத்த இடம் தடுப்புக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. செம்புக்குழாய் போட்டிருந்தால் அரை மீட்டருக்கு ஒரு பிடிப்பு வேண்டும். ஆடும் செம்பு நாளடைவில் கெட்டித்து வெடிப்பு விடும்.

இப்போது அழுத்தச் சோதனை. சோப்பு நுரையை மட்டும் நம்பாதீர்கள். அது நீங்கள் தடவிய இடத்தை மட்டும்தான் காட்டும். மட்டக்குழாய் முழுக் குழாய்க்கும் பதில் சொல்லும்.

மட்டக்குழாய் செய்ய, ஒரு மீட்டர் நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஆங்கில 'யு' எழுத்துபோல் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் விடுங்கள். ஒரு முனையைச் சோதனை வாயிலோ, அடுப்புக்குப் போகும் குழாய் முனையிலோ மாட்டுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி, மறுபக்கம் ஏறும். 30 மில்லிபார் ரெகுலேட்டர் என்றால் இரண்டு மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 செ.மீ. வித்தியாசம் நிற்கும். சிலிண்டரை மூடுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள், வாயுவின் சூடு சமமாகட்டும். பிறகு மட்டத்தைப் பேனாவால் குறித்து, இன்னும் ஐந்து நிமிடம் பாருங்கள். குறி நகரக்கூடாது. நகர்ந்தால், அதற்குப் பிறகுதான் சோப்பு நுரை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தேட வேண்டும். நுரையை விரலால் தடவாமல் பிரஷ்ஷால் வைத்து, ஓர் இடத்தில் அரை நிமிடமாவது கண் எடுக்காமல் பாருங்கள். மெல்லிய கசிவு பெரிய குமிழ் விடாது. வெண்ணிறப் பொடி நுரை ஓர் ஓரமாகக் கூடும், அவ்வளவுதான்.

தீக்குச்சி பற்றவைத்துக் கசிவு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படகில் அதைச் செய்யவே கூடாது.

5. எந்தக் கருவி வாங்குவது

கடையில் வீட்டு அலாரம் மலிவாகக் கிடைக்கும். 230 வோல்ட்டில் வேலை செய்யும் அதை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். இன்ஜின் நிறுத்தியதும் பேட்டரியை மிச்சம் பிடிக்க முதலில் அணைப்பது இன்வெர்ட்டரைத்தான். கசிவோ எல்லோரும் தூங்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்து. 12 அல்லது 24 வோல்ட்டில் நேராக ஓடுவதை வாங்குங்கள். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

- கட்டுப்பாட்டுப் பெட்டி தனி, சென்சார் தனி. குறைந்தது இரண்டு சென்சார் இணைக்க வசதி.
- எல்.பி.ஜி.க்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். குழாய் எரிவாயுவான மீத்தேன் மேலே ஏறுவது. அதற்கான கருவியும் அதன் உயரக் குறிப்பும் உங்களுக்கு உதவாது.
- கீழ் வெடிப்பு எல்லையில் 10 முதல் 20 விழுக்காட்டுக்குள் கத்த வேண்டும். ஆபத்துக்கு வெகு முன்னாலேயே தெரியும்.
- சோலனாய்டு வால்வை (மின்சாரத்தால் இயங்கிக் கேஸை அடைக்கும் வால்வை) இயக்கும் வெளியீடு.
- சென்சார் அறுந்தாலோ பழுதானாலோ தனியாகக் காட்டும் விளக்கு. இது இல்லாத கருவி செத்த பிறகும் பச்சை விளக்கோடு நிற்கும்.
- சென்சார் செய்த தேதி. பெரும்பாலும் ஐந்து ஆண்டு ஆயுள். கடையில் இரண்டு ஆண்டு கிடந்தது உங்களுக்கு மூன்று ஆண்டுதான்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். எல்.பி.ஜி. அலாரம் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. மூடிய கேபினில் அடுப்பு எரிந்தால் அதுவும் கொல்லும். அதற்குத் தனிக் கருவி, மூச்சு விடும் உயரத்தில். மீன் கிடங்கில் அழுகலிலிருந்து வரும் நச்சு வாயுவையும் இது காட்டாது. கேஸ் அலாரம் அமைதியாக இருக்கிறது என்று நாள்பட மூடிக்கிடந்த கிடங்குக்குள் யாரும் இறங்கிவிடக்கூடாது.

6. சென்சார் பொருத்தும் இடமும் உயரமும்

பெயிண்ட், ஃபைபர் ரெசின், சிலிக்கான் வேலை எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகே சென்சாரைப் பெட்டியிலிருந்து எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுக்கு வண்ணம் அடிப்பது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். சிலிக்கான் பசையிலிருந்து வரும் ஆவி சென்சாரின் உள்ளே படிந்து அதை நிரந்தரமாகக் குருடாக்கிவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. சென்சாரைச் சுற்றிச் சிலிக்கான் வைத்து அடைப்பது, அதைக் காப்பதாக நினைத்து அதையே கொல்வது. ரப்பர் வாஷரும் திருகாணியும் போதும்.

முதல் சென்சார் சமையல் இடத்தில். அடுப்பு மேடைக்குக் கீழே, தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், 3-ஆம் பகுதியில் தண்ணீர் ஓடிய பக்கத்தில். அடுப்புக்கு நேர் கீழே வேண்டாம், குழம்பும் எண்ணெயும் வழியும். கதவுக்கு எதிரே காற்று அடிக்கும் இடமும் வேண்டாம், வாயு சென்சாரைத் தொடுமுன் கலைந்துவிடும்.

இரண்டாவது பில்ஜ் பள்ளத்தில். எவ்வளவு கீழே என்றால், தண்ணீர் எட்டாத அளவுக்குக் கீழே. பக்கச் சுவரில் கறுப்பு எண்ணெய்க் கறை ஒரு கோடாகப் படிந்திருக்கும், பில்ஜ் தண்ணீர் அதிகபட்சம் ஏறும் மட்டம் அதுதான். படகு தன் கையாலேயே அளந்து எழுதி வைத்த கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஒரு சாண் விட்டுச் செங்குத்தான தடுப்பில் சென்சார் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மேல்நோக்கி வைத்தால் சொட்டும் நீர் சல்லடையில் தங்கி வாயு புகாமல் மறைக்கும். ஒருமுறை கடல் தண்ணீரில் முழுகிய சென்சாரை உலர்த்தி மாட்டாதீர்கள். மாற்றிவிடுங்கள்.

புகைபோக்கி, ஆல்டர்னேட்டர் பக்கத்துச் சூட்டிலிருந்து விலக்குங்கள். பேட்டரிப் பெட்டிக்கு மேலேயும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனுக்குப் பல சென்சார்கள் கத்தும். கை எட்டும், கண் படும் இடமாகவும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை சோதிக்க முடியாத இடத்தில் வைத்த சென்சாரை யாரும் சோதிக்கப்போவதில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டி வீல்ஹவுஸில் (படகு ஓட்டும் அறையில்), டிரைவரின் கண்மட்டத்தில். அதன் சிறிய பஸ்ஸர் ஆறு சிலிண்டர் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. படுக்கும் இடத்தருகே ஒன்றும் மேல்தளத்தில் ஒன்றுமாகத் தனிச் சைரன் போடுங்கள்.

7. சோலனாய்டு வால்வு

கத்துவது பாதி வேலை, அடைப்பது மீதி. நடுச்சாமத்தில் அரைத்தூக்கத்தில் எழுந்தவர் மேல்தளத்துக்கு ஏறிச் சிலிண்டரை மூட எவ்வளவு நேரமாகும் என்று யோசியுங்கள். வால்வு அந்த வேலையை ஒரு நொடியில் முடித்துவிடும்.

வாங்க வேண்டியது மின்சாரம் இருந்தால் மட்டும் திறக்கும் வகை. பேட்டரி செத்தாலும், வயர் அறுந்தாலும் தானாக மூடிக்கொள்ளும். அழுத்தம் இல்லாமலே நேரடியாகத் திறக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். பெரிய அழுத்தத்தின் துணையால் திறக்கும் வால்வுகள் 30 மில்லிபாரில் திறக்கவே மாட்டா. அடுப்பு எரியவில்லை என்று யாராவது வால்வைக் கழற்றி நேர்க்குழாய் போட்டுவிடுவார்கள். தண்ணீருக்கான வால்வு வேண்டாம். அதிலிருக்கும் ரப்பர் கேஸ் பட்டு உப்பிப்போகும்.

சிலிண்டர் பெட்டிக்குள், ரெகுலேட்டருக்கு அடுத்து மாட்டுங்கள். அப்போதுதான் உள்ளே போகும் குழாய் முழுதும் அதன் காவலில் வரும். உடலில் பொறித்த அம்புக்குறி அடுப்பைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் மூடியிருக்கும்போதும் கசியும். சுருள் முழுக்க மூடி வார்த்ததாக இருக்கட்டும். பெட்டிக்குள் வயர் இணைப்பு எதுவும் கூடாது, வயர் நீளமாக வெளியே வந்த பிறகுதான் இணைக்க வேண்டும். ஓடும்போது சுருள் கையில் சூடாகத் தெரியும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

8. வயரிங்

பேட்டரியின் நேர்முனையிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ். கருவியின் தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இன்ஜின் சாவிக்குப் பின்னால் இணைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. நங்கூரமிட்டுச் சாவியை அணைத்ததும் அலாரமும் செத்துவிடும். மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுங்கள்.

பேட்டரி இறங்கிவிடும் என்று சம்மாட்டி (படகு உரிமையாளர்) கவலைப்பட்டால் கணக்கைக் காட்டுங்கள். கருவி 0.15 ஆம்பியர் இழுத்தால் 24 மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர்-மணி. வால்வு 0.8 ஆம்பியர், மூன்று மணி நேரச் சமையலுக்கு 2.4. மொத்தம் 6 ஆம்பியர்-மணி. 120 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருபதில் ஒரு பங்கு.

வீட்டு வயரைப் போடாதீர்கள். வெள்ளீயம் பூசிய 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி கிடைத்தால் அதுவே. பூசாத செம்பு உப்புக்காற்றில் ஓராண்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வயரின் உறையை ஒரு சாண் சீவிப் பார்த்தால் உள்ளே மாவுபோல் உதிரும். முறுக்கி டேப் சுற்றாமல், அழுத்தும் இணைப்பி போட்டுப் பசையுள்ள சுருங்கும் உறையைச் சூடு காட்டி ஒட்டவையுங்கள். சென்சாருக்குள் நுழையும் முன் வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிடுங்கள். வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

9. சோதனை

மின்சாரம் கொடுத்ததும் கருவி சில நிமிடம் சூடேறும். அப்போது கத்தினால் விடுங்கள். புதிய சென்சார் நிலைப்பட ஒரு நாள், சிலவற்றுக்கு இரண்டு நாள் ஆகும். மாட்டிய அன்றே சோதித்து முடிவெடுக்க வேண்டாம்.

பிறகு இந்த மூன்றும்:

முதலாவது, ஹேட்ச் எல்லாம் திறந்து, அடுப்பு அணைந்திருக்கும்போது, சோதனைக்கென்று விற்கும் கேஸ் ஸ்ப்ரேயைச் சென்சாரில் காட்டுங்கள். கிடைக்காவிட்டால், கருவியின் தாள் தடுக்காத பட்சத்தில், பற்றவைக்காத லைட்டரை இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்து இரண்டு நொடி மட்டும். அரை நிமிடத்துக்குள் கத்த வேண்டும். அதிகநேரம் அடித்தால் சென்சார் மந்தமாகிவிடும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

இரண்டாவது, வாயு கலைந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்து டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து, சுவாலை தானாகச் சிறுத்து அணைய வேண்டும். அணையாவிட்டால் வால்வு மூடவில்லை. அணைந்ததும் அடுப்புக் குமிழை மூட மறக்காதீர்கள். மூடாமல் விட்டால், மின்சாரம் திரும்பி வால்வு திறந்ததும் எரியாத கேஸ் கொட்டும். இந்தக் காரணத்துக்காகவே சுவாலை அணைந்தால் தானே மூடும் பாதுகாப்புள்ள அடுப்பு வாங்கச் சொல்கிறோம்.

மூன்றாவது, இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டு டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அமரத்தில் நிற்பவருக்குச் சைரன் கேட்கிறதா என்று கேளுங்கள்.

10. "சும்மா கத்துதுண்ணாச்சி"

"சும்மா கத்துது, அதான் வயரைப் பிடுங்கிட்டோம்" என்பதுதான் படகில் அதிகம் கேட்கும் சொல். சும்மா கத்தும் கருவி மிகக் குறைவு. தின்னர், புதிய ரெசின், கொசு ஸ்ப்ரே, சென்ட், சாராய வாடை, அவுட்போர்டு பெட்ரோல் ஆவி, பேட்டரி ஹைட்ரஜன் இவை ஏதாவது ஒன்று இருக்கும். எந்த நேரத்தில் கத்தியது, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வாரம் எழுதிவைத்தால் காரணம் பிடிபட்டுவிடும். பெட்ரோல் ஆவி என்றால் அதுவும் உண்மையான எச்சரிக்கையே, அதுவும் கனமானது, அதே பள்ளத்தில்தான் தேங்கும்.

காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கத்தினால் மட்டக்குழாயை மறுபடி எடுங்கள். சென்சாரைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

11. மணி அடித்தால்

இதை எழுதி வீல்ஹவுஸில் ஒட்டுங்கள். எல்லோருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். பொறி இரண்டிலும்தான் வரும். பில்ஜ் பம்பு, மின்விசிறி, டார்ச், செல்போன் எதுவும் தொட வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஓடிக்கொண்டிருந்தால், கையால் இழுத்து நிறுத்தும் கம்பியை இழுங்கள். காற்றோடு கேஸையும் உறிஞ்சினால் டீசல் இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். அந்தக் கம்பி துருப்பிடிக்காமல் வேலை செய்கிறதா என்று அலாரம் மாட்டும் அன்றே பாருங்கள்.

எல்லோரும் மேல்தளத்துக்கு வாருங்கள். வால்வு மூடியிருந்தாலும் சிலிண்டரைக் கையால் மூடுங்கள். எல்லா ஹேட்ச்சையும் கதவையும் திறங்கள். காற்று உள்ளே புகும்படி படகைத் திருப்ப முடிந்தால் நல்லது. பள்ளத்தில் தேங்கிய வாயுவை, தண்ணீர் இறைப்பதுபோலவே பிளாஸ்டிக் வாளியால் முகந்து படகுக்கு வெளியே கொட்டலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வாளிக்கு வாளி வெளியேறும். கைப்பம்பு இருந்தால் அதுவும் ஆகும். சைரன் தானாக நின்று, அதற்குமேல் கால் மணி நேரமாவது கழிந்து, கசிந்த இடம் கண்டுபிடித்த பிறகே மறுபடி சிலிண்டரைத் திறக்கலாம்.

12. தேதிகள்

மாதம் ஒருமுறை 9-ஆம் பகுதியின் முதல் இரண்டு சோதனைகள். சென்சார் சல்லடையில் படியும் உப்பை உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீரோ, துரு நீக்கும் ஸ்ப்ரேயோ அடிக்க வேண்டாம். தளம் கழுவும்போதும் வண்ணம் அடிக்கும்போதும் சென்சாரைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது சரி. அந்தப் பையைக் கடலுக்குப் போகும்போதும் அப்படியே விட்டுவிடுவது நடக்கிறது. அதனால் சிவப்புப் பையால் மூடி, பையின் நூலை வீல்ஹவுஸ் சாவியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

சென்சார் மாட்டிய தேதி, மாற்ற வேண்டிய தேதி, ரப்பர் குழாயின் காலக்கெடு மூன்றையும் அழியாத பேனாவால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடிமேல் எழுதுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதினால் அடுத்து வரும் டிரைவர் பார்க்கமாட்டார்.